ஓய்வில்லாத வெப்மாஸ்டர்

பூட்டுக்காரரின் மச்சினன் ஒருநாள் கடை வாசலில் நின்று பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டினான்.

"என்னடா?" என்றார் பூட்டுக்காரர், ராவிக்கொண்டிருந்த சாவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போர்டெல்லாம் யார் அத்தான் பார்க்கிறாங்க? இப்பல்லாம் கடைன்னா வெப்சைட் இருக்கணும். சாவியைத் தொலைச்சவன் தெருவுல நின்னுக்கிட்டு போர்டையா தேடுவான்? போனைத்தான் எடுப்பான்."

"என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் போனையும் சேர்த்து உள்ள வச்சுப் பூட்டிட்டு வர்றவங்கடா."

"சரி விடுங்க. அதெல்லாம் உங்களுக்கு வராது."

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் ஐஸ்கிரீம் கம்பெனியில் டிரைவர். போன வருடம் வெப்சைட் செய்யக் கற்றுக்கொடுக்கும் மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்து, இரண்டாவது வாரமே காணாமல் போனவன். அதைப் பற்றிக் கேட்டால் "கோர்ஸ் முடிச்ச மாதிரிதான்" என்பான்.

பூட்டுக்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எத்தனையோ கதவுகள் அவர் கை பட்டதும் வாயைத் திறந்திருக்கின்றன. 'வராது' என்று எந்தப் பூட்டும் அவரிடம் சொன்னதில்லை. மறுநாளே போய், செருப்புக் கடையின் மாடியில் நடந்த அதே வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

டீச்சர் சின்ன வயதுப் பெண். எந்நேரமும் ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே பாடம் நடத்துவாள். முதல் வகுப்பில் அவள் சொன்ன முதல் விஷயமே பூட்டுக்காரருக்குப் பிடித்துப்போனது. "இந்தக் குறிக்குப் பேரு டேக். திறந்தா மூடணும். மூடாம விட்டீங்கன்னா அடுத்து வர்றது எல்லாத்தையும் அதுக்குள்ள இழுத்துக்கும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்: "கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு எல்லாரும் பயமுறுத்தினாங்களே! கதவு மாதிரிதான் இருக்கு. திறக்கறது, மூடறது. அவ்வளவுதான்."

மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அவர் முதன்முதலாகச் செய்த பக்கத்தைக் காட்டினார். வெள்ளைப் பின்னணியில் 'வணக்கம்' என்று ஒரே ஒரு சொல், லேப்டாப் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும். அவள் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். சமையலறை வாசலுக்குப் போய் நின்று பார்த்தாள்.

"இங்கேருந்தே தெரியுதுங்க. நல்லா பண்ணியிருக்கீங்க" என்றாள். அவளுடைய தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

வினை மூன்றாவது வகுப்பில் வந்தது. டீச்சர் தும்மி முடித்துவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒரு வெப்சைட்டைத் திறங்க. ரைட் கிளிக் பண்ணி 'இன்ஸ்பெக்ட்' போடுங்க. அதை எப்படிக் கட்டியிருக்காங்கன்னு உள்ள வரைக்கும் தெரியும். எழுத்தை மாத்திக்கூடப் பார்க்கலாம். ஆனா முக்கியமா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்..."

பூட்டுக்காரரின் போன் அடித்தது. பேசியவர் யாரோ ஒரு அடுக்குமாடிக்காரர். எதிர்வீட்டு பால்கனியில் ஒருவர் குளித்துவிட்டுத் துணி காயப்போட வந்தாராம், காற்றில் கதவு சாத்திக்கொண்டதாம், துண்டோடு நிற்கிறாராம், காற்று இன்னும் நிற்கவில்லையாம்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். ஒருத்தர் துண்டோட நிக்கறாரு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார் பூட்டுக்காரர். முக்கியமான அந்த ஒன்று என்னவென்று அவர் கேட்கவில்லை. அடுத்த வாரம் டீச்சருக்குத் தொண்டை கட்டிக் குரலே போய்விட்டதால் வகுப்பும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மனைவி சோபாவில் சாய்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த வெப்சைட் எது என்று யோசித்தார். முதுகுவலிக்காக அவர் தினமும் காலையில் நீந்தப் போகும் பொது நீச்சல் குளம் ஞாபகத்துக்கு வந்தது. அதன் பக்கத்தைத் திறந்தார். மேலே நீலத் தண்ணீரின் படம். கீழே விதிமுறைகள். முதல் விதி: 'நீச்சல் தொப்பி அணிவது அனைவருக்கும் கட்டாயம்.'

இந்த விதியோடு அவருக்குப் பழைய தகராறு. அவர் தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. "எந்த முடிப்பா தண்ணியில விழப்போகுது?" என்று குளத்துக் காவலரிடம் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டார். "ரூல்னா ரூல் சார்" என்பதற்கு மேல் பதில் வந்ததில்லை.

ரைட் கிளிக். இன்ஸ்பெக்ட். பக்கத்தின் குடலெல்லாம் ஓரமாக வந்து விழுந்தது. அந்த விதி இருந்த வரியைக் கண்டுபிடித்தார். அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினார். எழுத்து மாறுவதற்குத் தயாராக நின்றது. சும்மா விளையாட்டுக்கு, 'வழுக்கைத் தலையருக்குத் தொப்பி தேவையில்லை' என்று அடித்து, என்டர் பொத்தானைத் தட்டினார்.

குளத்தின் பக்கம் மாறிவிட்டது. அவர் எழுதினது அங்கே, நீலத் தண்ணீருக்குக் கீழே, முதல் விதியாக, அரசாங்க எழுத்தில் நின்றது.

"அடியே, இங்க வா!"

மனைவி வந்து பார்த்தாள். "பரவாயில்லையே, தளர்த்திட்டாங்களா? நல்லதாப் போச்சு."

"அவங்க தளர்த்தலடி! நான் தளர்த்தினேன்!"

"நீங்களா? நீங்க எப்படி?"

"எப்படியா? கதவு திறந்திருந்துச்சு, உள்ள போயிட்டேன்!" அவருக்கு வேர்த்துக் கொட்டியது. வீட்டுக்காரர் கூப்பிடாமல் ஒரு கதவில் கைவைத்தால் அதற்குப் பெயர் பூட்டு வேலை இல்லை, திருட்டு. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் அதில் மட்டும் தவறியதில்லை. "போலீஸ் வருவாங்களா?"

"முதல்ல பழைய மாதிரி மாத்துங்க."

மாற்றப் போனார். அவசரத்தில் ஏதோ ஒரு வரியைப் பிடித்து டெலீட் அழுத்தினார். விதி அப்படியே இருந்தது. மேலே இருந்த தண்ணீர்ப் படம் மறைந்தது.

"அய்யய்யோ, குளம் போச்சு!" என்றாள் மனைவி.

பூட்டுக்காரர் லேப்டாப்பை டப்பென்று மூடி, அதன்மேல் சோபாத் தலையணையை வைத்து, தலையணைமேல் தன் கையையும் வைத்துக்கொண்டார். மனைவி தன் தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அத்தான், பதறாதீங்க" என்றான் மச்சினன். பின்னால் ஐஸ்கிரீம் வண்டியின் மணி கேட்டது. "ஒவ்வொரு சைட்டுக்கும் வெப்மாஸ்டர்னு ஒருத்தர் இருப்பாரு. எங்க கோர்ஸ்லயே சொன்னாங்க. யார் கை வச்சாலும் அவர் பார்த்துச் சரி பண்ணிடுவாரு."

"ஞாயித்துக்கிழமையிலயுமா?"

"அதனாலதானே மாஸ்டர்ங்கறாங்க!"

தலையணையை எடுத்தார்கள். லேப்டாப்பைத் திறந்தார்கள். மச்சினன் சொன்னபடி ரெஃப்ரெஷ் பொத்தானை அழுத்தினார்கள். குளம் தன் இடத்தில் இருந்தது. தண்ணீர் நீலமாக இருந்தது. தொப்பி மறுபடியும் அனைவருக்கும் கட்டாயமாகியிருந்தது.

இருவரும் திரையில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்கள்.

"அதுக்குள்ளயா!" என்றாள் மனைவி கடைசியில். "நாம போன் பேசி முடிக்கறதுக்குள்ள குளத்தையே திரும்பக் கொண்டுவந்துட்டாரே!"

"வேலைன்னா இது வேலை" என்றார் பூட்டுக்காரர். அவருக்குக் கண் கலங்கியது. பிழைத்தோம் என்ற நிம்மதி பாதி, தொழில் தெரிந்த ஒருவரைக் கண்ட மரியாதை மீதி.

மன்னிப்புக் கேட்காமல் விடுவது முறையில்லை என்று பட்டது. மறுபடியும் இன்ஸ்பெக்ட் போய், முதல் விதியை அழித்துவிட்டு, 'மாஸ்டர், தெரியாமல் கைவைத்துவிட்டேன். மன்னிக்கவும். இப்படிக்கு, ஒரு பூட்டுக்காரர்' என்று எழுதினார். ரெஃப்ரெஷ். எழுத்து மறைந்து விதி திரும்ப வந்தது.

"படிச்சிட்டாரு!" என்றார்.

"பதில் ஒண்ணும் போடலையே?"

"வேலை நேரத்துல எப்படிடி போடுவாரு? பெரிய மனசுக்காரர். சத்தமில்லாம அழிச்சுட்டு மன்னிச்சுட்டாரு."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த மனிதரின் வேகம் பூட்டுக்காரரைத் தூங்கவிடவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் விதியில் ஒரே ஒரு புள்ளியைச் சேர்த்துப் பார்த்தார். ரெஃப்ரெஷ் செய்ததும் புள்ளி போய்விட்டது. கடையில் மதியம் சாப்பிடும்போது 'குளம்' என்பதைக் 'கடல்' என்று மாற்றினார். கடல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. மனுஷன் சாப்பிடப் போகவே மாட்டாரா என்று அவருக்கே பாவமாக இருந்தது. மூன்று வேளையும் சோதித்தார். எந்த வேளையிலும் மாஸ்டர் அசரவில்லை.

மனைவிக்கு இது கவலையாக மாறியது. கண்ணாடிக் கடையில் அவள் தினமும் பார்ப்பதே இந்த மாதிரி ஆட்களைத்தான்: நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் சிவந்து வருகிறவர்கள். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து அவளே எழுத ஆரம்பித்தாள். 'மாஸ்டர், அப்பப்போ கண்ணைச் சிமிட்டுங்கள்.' ரெஃப்ரெஷ். 'ஜன்னல் பக்கம் போய் தூரத்தில் இருக்கும் மரத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.' ரெஃப்ரெஷ். 'உங்கள் வீட்டில் யாரும் உங்களைத் தேடமாட்டார்களா?'

கடைசிச் செய்தி அழிந்தபோது அவள் சொன்னாள்: "இது மட்டும் கொஞ்சம் மெதுவா அழிஞ்ச மாதிரி இல்ல?"

"நானும் கவனிச்சேன்" என்றார் பூட்டுக்காரர். "மனசு உடைஞ்சிருப்பாரு." அன்றைக்குத் தெருவில் கேபிள் வேலை நடந்ததால் இன்டர்நெட் இழுவையாக இருந்தது. அது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"என்னங்க, இதை இப்படியே விடக்கூடாது. ஒரு மனுஷனைக் கொத்தடிமை மாதிரி வச்சிருக்காங்க. நாளைக்கே மேனேஜரைப் பார்க்கறோம்."

குளத்து மேனேஜர் ஒரு காலத்தில் அதே குளத்தில் காவலராக இருந்து பதவி உயர்ந்தவர். மேசையும் நாற்காலியும் வந்த பிறகும் கழுத்து விசிலைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை. அறையில் குளோரின் வாசனை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

"உங்க வெப்மாஸ்டர் விஷயமா வந்தோம்" என்றாள் மனைவி, உட்காருவதற்கு முன்பே. "அவருக்கு ஒரு நாளாவது லீவு கொடுக்கணும்."

மேனேஜர் விழித்தார். "எங்களுக்கு வெப்மாஸ்டர் இருக்காரா?"

"இருக்காரா-வா? உங்க சைட்டை யார் சார் பார்த்துக்கறாங்க?"

"சைட்டா? அது பாட்டுக்கு இருக்கு மேடம். நான் இந்த நாற்காலிக்கு வர்றதுக்கு முன்னாடியிருந்தே இருக்கு. அது பக்கம் நான் போறதே இல்ல."

பூட்டுக்காரர் எழுந்தார். "உங்க கம்ப்யூட்டர்லயே காட்டறேன். சும்மா காட்டத்தான், தப்பா எடுத்துக்காதீங்க." பக்கத்தைத் திறந்து, 'குளத்தில் சூப் நிரப்பப்பட்டுள்ளது' என்று எழுதினார். மேனேஜர் முகம் வெளுத்தது. "இப்பப் பாருங்க" என்று ரெஃப்ரெஷை அழுத்தினார். சூப் போய்விட்டது.

மேனேஜருக்கு உணர்ச்சி பொங்கினால் விசில் தானாக வாய்க்குப் போய்விடும். ஊதிவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீந்திக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஏதோ ஆபத்து என்று அடித்துப் பிடித்துக் கரையேறி, நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இறங்குங்க!" என்று கண்ணாடி வழியாகக் கையாட்டிவிட்டு மேனேஜர் திரும்பினார். "என் கட்டடத்துல இப்படி ஒரு ஆளா! இத்தனை நாள் எனக்குத் தெரியாம! யாரு சார் அது?"

"அது உங்களுக்குத்தானே தெரியணும்?"

அன்றே தேடல் தொடங்கியது. மேனேஜர் மோட்டார் அறைக்கு இறங்கிப்போய், எண்ணெய்க் கையோடு நின்ற மோட்டார்காரரிடம் "நீங்களா?" என்றார். "எதுன்னாலும் நான் இல்ல சார்" என்றார் அவர். துண்டு கொடுக்கும் அம்மாளிடம் கேட்டார். அவள் கோபித்துக்கொண்டாள். கடைசியில் டிக்கெட் கொடுக்கும் அறைக்கு வந்தார்.

டிக்கெட்காரர் கூச்ச சுபாவி. கூட்டமில்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுவார். கதவு திறந்த சத்தம் கேட்டதும் அவசர அவசரமாக எதையோ மூடினார். அந்த அவசரம் மேனேஜர் கண்ணில் பட்டது.

"நீங்கதானா?" என்றார் மேனேஜர், குரல் தழுதழுக்க.

டிக்கெட்காரர் எழுந்து நின்றார். "சார்..."

"மறைக்காதீங்க. எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. எவ்வளவு காலமா பண்றீங்க?"

"ஒரு... சில வருஷமா சார்."

"லஞ்ச் டைம்லயும்?"

"லஞ்ச் டைம்லதான் சார் அதிகம்." டிக்கெட்காரர் தலையைக் குனிந்தார். "இனிமே செய்யமாட்டேன் சார்."

"அப்படிச் சொல்லாதீங்க! யாரும் கேட்காம, யாருக்கும் தெரியாம, இப்படி ஒரு சேவையா!" மேனேஜர் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். அவர் தோளுக்கு மேலே டிக்கெட்காரர் ஒன்றும் புரியாமல் விழித்தார். சீட்டு விளையாடியதற்கு ஏன் கட்டிப்பிடிக்கிறார் என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. மறுநாள் சக்கரம் வைத்த புது நாற்காலி ஒன்று அறைக்கு வந்தபோதும் வரவில்லை. கண்ணாடிக் கடை அம்மா ஒருவர் வந்து கண்ணில் விடும் சொட்டு மருந்தைக் கொடுத்து, "எல்லாத்தையும் நான் படிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கண்கலங்கியபோது, "படிச்சேங்க" என்று மட்டும் சொன்னார். வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பாராட்டு விழா என்று மேனேஜர் அறிவித்தார். 'சிறந்த வெப்மாஸ்டர்' என்று பொறித்த கண்ணாடிக் கேடயத்துக்குச் சொல்லியாகிவிட்டது. குளத்தருகே திரை வைத்து, பூட்டுக்காரர் பக்கத்தைக் கெடுக்க, டிக்கெட்காரர் சரிசெய்ய, எல்லாரும் பார்க்கவேண்டும் என்பது ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை மாலை டீச்சருக்குக் குரல் திரும்பியிருந்தது. வகுப்பில் பூட்டுக்காரர் எழுந்து நின்று, பெருமையோடு முழுக் கதையையும் சொன்னார். டீச்சர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தாள். பிறகு வாயில் வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"ஐயா," என்றாள் ஒருவழியாக. "உங்ககிட்ட ஒருத்தர் டூப்ளிகேட் சாவி கேட்டா என்ன செய்வீங்க?"

"அசலைப் பார்த்து ஒண்ணு வெட்டிக் கொடுப்பேன்."

"அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அரத்தால ராவித் தேய்ச்சுட்டா, அந்த அசல் சாவி தேயுமா?"

"அது எப்படித் தேயும்?"

"வெப்சைட்டும் அப்படித்தான். உங்க லேப்டாப்புக்கு வர்றது டூப்ளிகேட். இன்ஸ்பெக்ட்ல நீங்க மாத்தினது அதை மட்டும்தான். ரெஃப்ரெஷ் பண்ணினா புதுசா இன்னொரு டூப்ளிகேட் வருது. அங்க யாரும் எதையும் சரி பண்ணல. நீங்க எழுதினது உங்க வீட்டைத் தாண்டவே இல்ல. அதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன், நீங்க துண்டுக்காரரைப் பார்க்க ஓடிட்டீங்க."

பூட்டுக்காரர் மெதுவாக உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப நான் எழுதினதெல்லாம்?"

"இந்த மேசையிலேயேதான் இருந்திருக்கு."

"ஜன்னல் பக்கம் போகச் சொன்னது?"

"யாரும் போகல."

அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோய்விட்டாள். இல்லாத ஒருவருக்காகத் துக்கம் விசாரிப்பது எப்படியென்று தெரியாமல் பூட்டுக்காரரும் பின்னாலேயே போய் நின்றார். "நல்ல மனுஷன்ங்க" என்றாள் அவள், முதுகைக் காட்டியபடி. "இல்லைன்னு ஆகிப்போச்சே தவிர, ரொம்ப நல்ல மனுஷன்."

தம்பிக்குப் போன் போட்டுத் திட்டினாள். "நான் அப்பவே சொன்னேனே அக்கா, அப்படி யாரும் இருக்கமாட்டாங்கன்னு" என்றான் அவன்.

சனிக்கிழமை விழா தொடங்கும் முன்பே மேனேஜரைப் பிடித்துச் சொல்லிவிட நினைத்துச் சீக்கிரமே போனார்கள். அவர் பிடி கொடுக்கவில்லை. "எல்லாம் அப்புறம், அப்புறம்!" என்று பூட்டுக்காரரை முன்வரிசைக்குத் தள்ளிவிட்டார். குளத்தங்கரையில் ஊழியர்கள் நின்றார்கள். நீந்த வந்தவர்கள் தண்ணீருக்குள் இருந்தபடியே கரையில் முழங்கையை ஊன்றிப் பார்த்தார்கள். மேனேஜர் மைக்கில் நெடுநேரம் பேசினார். புது நாற்காலியோடு சேர்த்து உருட்டிக்கொண்டு வரப்பட்ட டிக்கெட்காரர், பல் பிடுங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இப்ப நண்பர் நம்ம சைட்டைக் கெடுப்பார்!" என்றார் மேனேஜர்.

பூட்டுக்காரர் மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார். "ஐயா, கெடுக்க என்னால முடியாது. கெடுத்ததும் இல்ல. நான் இப்பத்தான் கத்துக்கறவன். பாதி வகுப்புல எழுந்து போனதால வந்த வினை இது." டீச்சர் சொன்ன டூப்ளிகேட் சாவிக் கதையை அப்படியே சொன்னார். "வெப்மாஸ்டர்னு யாரும் இங்க இல்ல. நான்தான் இருக்கார்னு நினைச்சு எல்லாரையும் அலைய விட்டுட்டேன்."

தண்ணீருக்குள் யாரோ ஒருவர் க்ளுக்கென்று சிரித்தார். மேனேஜரின் கண் டிக்கெட்காரர் பக்கம் திரும்பியது.

"அப்ப நீங்க சில வருஷமா என்னதான் பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"சீட்டு சார்" என்றார் டிக்கெட்காரர். எழுந்திருக்கப் பார்த்தார். சக்கரம் வைத்த நாற்காலி பின்னுக்கு உருண்டது. தரை ஈரம். மேனேஜர் விசிலை ஊத, தண்ணீரில் இருந்தவர்கள் பழக்கதோஷத்தில் கரையேற, அவர்கள் காலியாக்கிக் கொடுத்த இடத்தில் டிக்கெட்காரர் நாற்காலியோடு போய் விழுந்தார்.

ஆறு கை சேர்ந்து அவரைத் தூக்கியது. நாற்காலியைத் தூக்கப் பிறகு ஆள் இறங்கினார்கள். அலுவலக அறையில் நான்கைந்து துண்டுகளுக்குள் உட்கார்ந்திருந்த டிக்கெட்காரர் முன்னால் மேனேஜர் அந்தக் கேடயத்தை வைத்தார்.

"இதைத் திரும்ப எடுத்துக்கமாட்டேன்னு கடைக்காரன் சொல்லிட்டான். உங்க பேரைப் பொறிச்சாச்சு. இதுல இருக்கிற மாதிரி நீங்க ஆகித்தான் தீரணும். சீட்டு ஆடற நேரத்துல கத்துக்குங்க."

டிக்கெட்காரர் தண்ணீர் சொட்டச் சொட்டத் தலையாட்டினார். வேலை போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தவர் அவர். கற்றுக்கொண்டால் போதும் என்றதும் முகம் தெளிந்தது.

அடுத்த வாரத்திலிருந்து செருப்புக் கடை மாடியில் பூட்டுக்காரருக்கு வலது பக்கம் அவரும், இடது பக்கம் பூட்டுக்காரரின் மனைவியும் உட்கார்ந்தார்கள். நிஜமாக ஒருவர் படிக்கப்போகும் எழுத்தை ஒரு தடவையாவது எழுதிப் பார்க்கவேண்டும் என்று அவள் சேர்ந்துவிட்டாள். டீச்சர் வகுப்பு தொடங்கும்போதே பூட்டுக்காரரின் போனை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிடுவாள். பூட்டுக்கடைக்கு ஒரே பக்கத்தில் ஒரு வெப்சைட் வந்தது. பாதிப் பக்கத்துக்குப் போன் நம்பர், மீதிப் பாதிக்கு ஒரு பூட்டின் படம். மனைவி தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, தெரிகிறது என்று கையைக் காட்டினாள்.

டிக்கெட்காரருக்கு வேகம் குறைச்சல், பிடிவாதம் அதிகம். பாடம் முடிந்த பிறகு மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, குளத்துப் பக்கத்தை உண்மையாகவே திறந்து மாற்றுவதற்கான பாஸ்வேர்டை வாங்கிக்கொடுத்தார். முதல் மாற்றத்தைப் பார்க்க டிக்கெட் அறைக்குள் நான்கு பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். தண்ணீர் நிறத்தில் பின்னணி, அதன்மேல் வெள்ளை எழுத்து என்பது டிக்கெட்காரரின் கனவு. எழுத்தை வெள்ளையாக்கினார். பின்னணியை நீலமாக்க மறந்துபோனார். சேமித்தார்.

தண்ணீர்ப் படத்துக்குக் கீழே பக்கம் பால் மாதிரி வெறுமையாக இருந்தது.

"ரெஃப்ரெஷ் பண்ணுங்க" என்றார் மேனேஜர் பதற்றத்தோடு.

பண்ணினார். அப்படியே இருந்தது. பூட்டுக்காரர் தன் போனில் திறந்து பார்த்தார். அதிலும் அப்படியே இருந்தது. மனைவி தன் போனில் பார்த்தாள். அதிலும்தான்.

"போகல!" என்றார் பூட்டுக்காரர். மறுபடி அழுத்தினார், மறுபடியும். "பாருங்க, போகவே இல்ல! ஊர் முழுக்க இப்படித்தான் தெரியுது!"

டிக்கெட்காரரின் முகம் மலர்ந்தது. மேனேஜர் எதற்கு எல்லாரும் மகிழ்கிறார்கள் என்று புரியாமல் விசிலைத் தடவினார். அப்போது மேசைமேல் இருந்த போன் அடித்தது. டிக்கெட்காரர் எடுத்தார்.

"சொல்லுங்க மேடம்... இல்லைங்க, சைட்ல எல்லாம் இருக்கு. வெள்ளையா இருக்கு, அவ்வளவுதான். மவுஸை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு மேலேருந்து கீழே இழுங்க, நீலப் பட்டை விழும், அதுல எழுத்து தெரியும்... இன்னும் கொஞ்சம்... ஆங், தெரியுதா? ஆமாங்க, திங்கட்கிழமை லீவு."